எடை குறைந்தது சரி, வேலை யார் தலையில்?

ஸ்கீ டூரிங்கில் லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்கிற ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தே மலையேற வேண்டும். மேலே போனதும் ஸ்கின்னை உரித்து மடித்து வைத்துவிட்டு, குதிகாலை லாக் செய்துகொண்டு சறுக்கி இறங்க வேண்டும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங் இந்த இரண்டு வேலையையும் செய்யணும். கூடவே மூன்றாவதாக ஒன்று: விழும்போது கால் முறிவதற்கு முன்னால் பூட்ஸை விட்டுவிடணும். எடை குறைந்த பைண்டிங்குகள் முதல் இரண்டையும் பிரமாதமாகச் செய்கின்றன. மூன்றாவதைச் செய்ய அவற்றுக்கு நம் உதவி தேவைப்படுகிறது. எவ்வளவு உதவி என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. என் விமர்சனம் அதைப் பற்றித்தான்.

முதலில் பாராட்டு. பழைய டூரிங் பைண்டிங்குகளில் பூட்ஸுக்கு அடியில் நீளமாக ஒரு சட்டம் இருக்கும். ஒவ்வொரு எட்டிலும் சட்டம், குதிகால் பகுதி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கணும். காலுக்கு ஒரு கிலோ அளவுக்கு இரும்பு. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்ட்டெல் 1980களில் வேறு மாதிரி யோசித்தார். பூட்ஸே கெட்டியாகத்தானே இருக்கிறது, சட்டம் எதற்கு? பூட்ஸின் முனையில் இரண்டு பக்கமும் எஃகுக் குழிகள், ஸ்கீயில் இருக்கும் டோ பீஸில் அந்தக் குழிகளைக் கவ்வும் இரண்டு முளைகள். பின்னால் ஹீல் பீஸில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள் பூட்ஸின் குதிகாலில் உள்ள தகட்டில் போய் மாட்டும். அவ்வளவுதான். நடக்கும்போது ஹீல் பீஸ் ஸ்கீயிலேயே உட்கார்ந்திருக்கும், நாம் தூக்குவது பூட்ஸை மட்டும். டைனாஃபிட் நிறுவனம் இதை எடுத்து விற்றது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல நிறுவனங்கள் அதே அடிப்படையில் செய்ய ஆரம்பித்தன. இன்று பந்தய ரகங்கள் ஒன்று 150 கிராமுக்கும் கீழே வந்துவிட்டன.

சரி, நீக்கிய சட்டம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? முன்னும் பின்னும் உள்ள பாகங்களை ஒரே நேர்கோட்டில், ஒரே தூரத்தில் வைத்திருந்தது. சட்டம் போனபின் அந்த வேலை ஸ்கீயில் துளை போடுகிறவரிடம் வந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. டோ பீஸின் இடது, வலது துளைகளுக்கு நடுவே 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளை மட்டும் அரை மி.மீ. முன்னால் போய்விட்டால் டோ பீஸ் அறுபதில் ஒரு பங்கு கோணம் திரும்பும். அங்கிருந்து குதிகால் சுமார் 300 மி.மீ. தள்ளி. ஆக, அங்கே பிழை 5 மி.மீ.! ஹீல் முளைகள் தகட்டின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஏறும். மாட்டிவிடும்தான், ஆனால் ஹீல் பீஸ் ஏற்கெனவே ஒரு பக்கம் திரும்பிய நிலையில் இருக்கும். ஒரு பக்கம் சுலபமாகக் கழலும், இன்னொரு பக்கம் கழலாது.

இதைக் கண்டுபிடிக்க, நாம் கோடு எழுதும்போது செய்கிற அதே வேலைதான். டோ பீஸில் பூட்ஸை மாட்டி, குதிகாலை மெதுவாக இறக்கிப் பாருங்கள். விலகல் தெரிந்தால் அதே ஸ்கீயில் மற்ற பூட்ஸை வைத்துப் பாருங்கள். விலகல் பூட்ஸோடு போனால் தகடு பொருத்தியதில் கோளாறு. ஸ்கீயிலேயே தங்கினால் துளையில் கோளாறு. ஸ்கீயைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கலாம்.

துளை போடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. உள்ளே உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.5 மி.மீ., தகடு இருந்தால் 4.1 மி.மீ. துளை. ஆழம் பெரும்பாலும் 9 மி.மீ., அதைத் தாண்டாமல் இருக்க துளைக்கருவியில் ஒரு தடை வளையம் வேண்டும். ஸ்க்ரூவின் தலை போசிடிரைவ் 3 வகை. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் வழுக்கி, தலை மழுங்கிவிடும். தண்ணீர் இறங்காமல் இருக்க துளையில் பசை விடணும். எடை குறைந்த ஸ்கீக்களின் உள்ளே பவுலோனியா மாதிரி மென்மையான மரம் இருப்பதால், அளவு மீறி முறுக்கினால் புரி அங்கேயே போச்சு.

அடுத்தது இடைவெளி. ஸ்கீ வளையும்போது டோ பீஸும் ஹீல் பீஸும் நெருங்கி வரும். பழைய சட்டம் இருந்தபோது இது ஒரு விஷயமே இல்லை. இப்போது பூட்ஸுக்கும் ஹீல் பீஸுக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் விட்டாகணும். சில நிறுவனங்கள் 4 மி.மீ. என்கின்றன, சில 6 மி.மீ.க்குப் பக்கத்தில் சொல்கின்றன. குறைவாக விட்டால் ஸ்கீ வளையும்போது பூட்ஸ் நெரிபட்டு, கழல வேண்டிய நேரத்தில் கழலாது. அதிகமாக விட்டால் முளையின் நுனி மட்டும்தான் பிடிக்கும், வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். அதே சைஸில் புது பூட்ஸ் வாங்கினாலும் அடியின் நீளம் மாறலாம், அப்போது மறுபடி அளக்கணும்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது டோ பீஸின் லீவர். ஏறும்போது லீவரை மேலே இழுத்தால் முளைகள் லாக் ஆகும். இறங்கும்போது அதைக் கீழ் நிலைக்குக் கொண்டுவரணும். ஏனென்றால் பக்கவாட்டில் கழலும்போது ஹீல் பீஸ் திரும்பினால் மட்டும் போதாது, டோ முளைகளும் விரிந்து வழிவிடணும். லாக்கில் இருந்தால் அவை லேசில் விரியாது. பனிச்சரிவு இழுத்துக்கொண்டு போகும்போது காலில் மாட்டிய ஸ்கீ நங்கூரம் மாதிரி ஆளைக் கீழே இழுக்கும். இவ்வளவு முக்கியமான இரண்டு நிலைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் லீவரின் சாய்வு மட்டும்தான்!

இதில் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளும். டோ பீஸின் ஸ்ப்ரிங்குக்கு அடியில் பனி இறுகினால் முளைகள் முழுசாக மூடாது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும். பழகியவர்கள் லீவரை இழுக்கும்போது வரும் ‘டிக்’ சத்தத்தை எண்ணுவார்கள். வழக்கத்தைவிட ஒன்று குறைந்தால் கழற்றிக் குச்சியால் குடைந்துவிட்டு, பூட்ஸை மறுபடி மாட்டி நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்கள். குழிக்குள் இருக்கும் பனியை முளையே சுரண்டிவிடும். நல்ல உத்திதான். ஆனால் ஒரு பாதுகாப்புக் கருவியின் நிலையைக் காதால் கேட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறதே!

கடைசியாக எண். ஹீல் பீஸில் 5, 6, 8 என்று எழுதியிருக்கும். கடைக்காரர் அதை டின் என்பார். எடை, உயரம், வயது, அடி நீளம், ஸ்கீ ஓட்டும் விதம் எல்லாம் பார்த்து அட்டவணையிலிருந்து எடுக்கும் எண் அது. டூரிங் பைண்டிங்குக்கென்றே ஐஎஸ்ஓ 13992 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. டெக் பைண்டிங்குகளில் அதன்படி சான்றிதழ் பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. எண் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே தோரணையில் நிற்கும். பந்தய ரகங்கள் சிலவற்றில் திருகவே இடம் இல்லை, U வடிவக் கம்பி என்ன தருகிறதோ அதுதான். ஆகவே ஒரு பைண்டிங்கில் 6 என்பது இன்னொன்றில் உள்ள 6 என்று நம்பாதீர்கள். கருவியில் வைத்து விசையை அளந்து தரும் கடை இருந்தால் அளந்துகொள்ளுங்கள்.

“இதெல்லாம் பயன்படுத்துகிறவரின் கவனக்குறைவு, பைண்டிங்கை ஏன் குறை சொல்கிறாய்?” என்று கேட்கலாம். மென்பொருளிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். ஆயிரம் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் படியைத்தான் பார்க்கணும். வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்ப்ரிங்கின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஹீல் பீஸ்கள் வந்துவிட்டன, ஸ்கீ வளைவதை அவையே சமாளிக்கும். சுவிஸ் நிறுவனமான ஃபிரிட்ஷியின் விபெக்கில் பக்கவாட்டு விடுதலை டோ பீஸிலேயே நடக்கிறது. எடை கொஞ்சம் கூடும், அவ்வளவே.

அதற்காக லேசான பைண்டிங் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு எட்டிலும் மிச்சமாகும் எடை உண்மையான லாபம், களைத்த கால் இறங்கும்போது தானே ஓர் ஆபத்து. நான் கேட்பது பெட்டியின் மேல் கிராமோடு சேர்த்து அச்சிட வேண்டிய சில வரிகள்: எவ்வளவு இடைவெளி, எத்தனை ‘டிக்’, எண்ணுக்குச் சான்றிதழ் உண்டா இல்லையா. அது வரும்வரை, ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் குனிந்து லீவரை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.