மட்டம் அசையாத 20 நிமிடம்

லீவுக்கு உத்தமபாளையம் வந்தவன், எம்.எஸ்சி. காலத்து ஆய்வகக் கையேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். டைலடோமீட்டர் சோதனைக்கு அரைப் பக்கம். கண்ணாடிக் குமிழ், மேலே நுண்குழாய். மெத்தில் மெத்தாக்ரிலேட் 100 மி.லி. முழுக்கப் பாலிமரானால் சுமார் 80 மி.லி. ஆகச் சுருங்கும், மட்டம் இறங்குவதை வைத்தே வினைவேகம் சொல்லிடலாம். இதுவரை சரி.

ஆனா ஆக்சிஜன் பற்றி ஒரு வரி இல்லை! கரைந்திருக்கும் ஆக்சிஜன் தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். அது தீரும்வரை மட்டம் அசையாது. நைட்ரஜன் செலுத்தி அதை முன்பே வெளியேற்றணும். தெரியாததால், அசையாத முதல் 20 நிமிடத்தைப் பிழை என்று அழித்துவிட்டு, அழகாக நேர்கோடு போட்டு மார்க் வாங்கினேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். சாந்தப்பா வினைல் பாலிமராக்க வேகவியலில் ஆராய்ச்சி வளர்த்த மாநிலம் இது. அந்த 20 நிமிடம்தான் பாடமே. கையேடு சொல்லியிருக்கணும், நானும் அழிச்சிருக்கக் கூடாது.