குஞ்சுக்கு எந்தச் சூடு?

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கப் போகிறவருக்குப் பண்ணைச் சாமான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 250 வாட் சிவப்பு விளக்கு. ஒரு விளக்கு, ஒரு ஒயர், வேலை முடிந்தது. அந்த எளிமையே அதன் பெரிய குறை என்பது என் கட்சி.

முதலில் குஞ்சுக்கு என்ன வேண்டும்? முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரவேண்டும்; இறகு முளைத்து உடம்பு தன் சூட்டைத் தானே காக்க மூன்று நான்கு வாரமாகும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கொட்டில் முழுவதும் 35 டிகிரி இருக்கவேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. விளக்கின் கீழே 35, குஞ்சுகளைச் சுற்றி நிறுத்தும் தகட்டு வளையத்தின் ஓரத்தில் அதைவிடக் குறைவு என்று இரண்டும் இருந்தால்தான் குஞ்சு தனக்கு வேண்டியதைத் தேடிப்போகும். அடைக்கோழியின் இறக்கைக்குள் புகுவதும் வெளியே ஓடி மேய்வதும் இதே ஏற்பாடுதான். பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் இல்லை, வீட்டில் நல்ல அடைக்கோழியும் இருக்கிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சிவப்பு விளக்கு போதுமான சூடு தரும், மறுக்கவில்லை. சிவப்பொளியில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது பியூஸ் போனால்? மொத்தச் சூடும் ஒரே நொடியில் போய்விடும். குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். விடிந்து பார்த்தால் அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் செத்திருக்கும். இன்னொன்று தீ. கீழே பரப்பியிருப்பது காய்ந்த உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு. மேலே ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டர். சில நாள் எரிந்த ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்: வாய் ஓரம் பழுப்பேறி, திருகு பிடிமானம் தளர்ந்து, ஒயரின் மேலுறை விறைத்து வெடித்திருக்கும். அந்த ஒயரிலேயே விளக்கைத் தொங்கவிட்டிருந்தால் அடுத்து விழப்போவது உமியின் மேல்தான். பீங்கான் ஹோல்டர், தனியே ஒரு சங்கிலி, தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரம் என்று வைத்தால் ஆபத்து குறையும். முதல் குறை அப்படியே இருக்கும். கண்ணாடி சிதறாமலிருக்க டெஃப்லான் வகைப் பூச்சு பூசிய விளக்கும் விற்கிறார்கள். அது சூடேறினால் வரும் புகை பறவைகளைக் கொல்லும். அதைத் தொடவே வேண்டாம்.

பழைய 60 வாட் குண்டு பல்பு இதற்கு நேர் எதிர். குஞ்சுக்கு 2 வாட் என்பது பண்ணையாளர்களிடம் புழங்கும் கணக்கு. நூறுக்கு நான்கு பல்பு, மொத்தம் 240 வாட். ஒரு நாள் முழுக்க எரிந்தாலும் 6 யூனிட்டுக்குள்தான். சிவப்பு விளக்குக்கும் அதே செலவு. வித்தியாசம் வேறிடத்தில்: ஒன்று போனாலும் மூன்று எரியும், சித்திரை வெயிலில் இரண்டை அணைத்துவிடலாம். மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே கட்டுவது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பல்பு கூடையில் படாமல் இருந்தால் சரி. கடைகளில் குண்டு பல்பு அருகிவருவதுதான் சிக்கல். எல்.இ.டி. அந்த இடத்தை நிரப்பாது, அதில் குஞ்சு காய முடியாது.

பல்பின் உண்மையான பலவீனம் வேறு. அது சூட்டையும் வெளிச்சத்தையும் ஒரே சுவிட்சில் கட்டிவிடுகிறது. குஞ்சுக்கு இரவில் சூடு வேண்டும், கொஞ்ச நேரம் இருட்டும் வேண்டும். இருட்டே பழகாத குஞ்சுகள் முதல் மின்வெட்டிலேயே மிரண்டு மூலையில் குவிகின்றன. தகட்டை வட்டமாக வளைத்து மூலையே இல்லாமல் செய்வதும் அதற்காகத்தான்.

வெளிச்சமில்லாமல் சூடு தரும் சாதனம் இரண்டு. பீங்கான் ஹீட்டர் எரிகிறதா அணைந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது; உமி மட்டத்தில் தெர்மாமீட்டர் வைக்காமல் அதை நம்பக்கூடாது. அதைவிட இரண்டாவதான சூட்டுப் பலகை மேல். குட்டைக் கால்களில் நிற்கும் அதன் அடியில் குஞ்சுகள் தாய்க்கடியில் புகுவதுபோல் புகுந்து, முதுகு பட நிற்கும். மின்சாரம் மிகக் குறைவு, தொங்கவிட எதுவும் இல்லை. விலை அதிகம், இரண்டாம் வாரம் உடம்பு பெருத்ததும் இடமும் நெருக்கும். அறையை அது சூடாக்காது, ஆகவே ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக்குத் தனியாகப் போதாது.

கரியைப் பற்றியும் சொல்லவேண்டும். மண்சட்டியில் கரி போட்டுப் புகை அடங்கியதும் உள்ளே வைத்தால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். புகை அடங்கிய கனல்தான் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். சூடு போகக்கூடாதென்று படுதாவை எல்லாப் பக்கமும் இறக்கிவிடும் இரவில்தான் அது கூடுகிறது. மின்சாரம் நெடுநேரம் வராத இரவுக்கு மட்டும், படுதாவின் மேல்பகுதியைத் திறந்துவைத்து, கம்பிவலைக்குள் சட்டியை வைக்கலாம்.

ஐம்பது குஞ்சு வரை சமவெளியில் வளர்ப்பவர் சூட்டுப் பலகையும், தீனி தெரிய 5 வாட் எல்.இ.டி. ஒன்றும் தனித்தனி சுவிட்சில் வாங்கட்டும். நூறும் அதற்கு மேலும் என்றால் 60 வாட் பல்புகள்தான், இரண்டு இணைப்பாகப் பிரித்து. அதில் ஒன்றை, அதாவது 120 வாட்டை, வீட்டு இன்வெர்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். கொத்தல் தொடங்கினால் ஒளியைக் குறைக்கவேண்டும், சூடு குறையக்கூடாது, ஆகவே பல்புகளை மாற்றாமல் மேலே கவிழ்த்த கூடையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், வெளிவட்டம் மங்கும்.