பலூன் வளைவும் பந்தல்காரரும்

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோல், பிளாஸ்டிக் கொடி, 100 மைக்ரானுக்கும் மெல்லிய பிவிசி பேனர், ஸ்வீட் பாக்ஸைச் சுற்றும் கண்ணாடித்தாள் எல்லாம் இருக்கின்றன. பலூன் இல்லை. சுவரில் தொங்கவிடும் ஃபாயில் திரை இல்லை. தமிழ்நாடு அதற்கு மூன்றரை ஆண்டு முன்பே, 2019 ஜனவரி 1 அன்று, 14 வகைப் பொருள்களைத் தடைசெய்திருந்தது. அதுவும் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையையும் கைப்பையையும் குறிவைத்த பட்டியல்தான். பிறந்தநாள் சுவரை இரண்டு சட்டங்களும் ஏறக்குறைய விட்டுவிட்டன.

ஆகவே, தூக்கியெறியும் பொருள் இல்லாமல் குழந்தையின் பிறந்தநாளை அலங்கரிப்பது வீட்டார் தாமாக எடுக்கவேண்டிய முடிவு. அந்த முடிவை ஆதரித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் சணலையும் மரக்குச்சியையும் அழகாகப் படம்பிடித்துக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் சில மாற்றுகள் தேறுகின்றன, சில தேறவில்லை.

முதலில் எதிர்த்தரப்பு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் அலங்கார கிட்டைப் பிரித்தால் மூன்று நான்கு நிறங்களில் பலூன்கள், அவற்றைக் கோத்து வளைவாக்க ஓட்டை போட்ட ஒளிபுகும் பட்டை, பசைப் பொட்டுகள் ஒரு சுருள், ‘ஹாப்பி பர்த்டே’ ஃபாயில் எழுத்துகள், வயதைக் காட்டும் எண் பலூன், பளபளக்கும் திரை இரண்டு. அந்தத் திரை அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலம். கேக் வெட்டி முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை அதற்குள் புகுந்து ஓடும். இழைகள் முடிச்சு விழும். அந்த முடிச்சை உட்கார்ந்து அவிழ்த்து மடித்து வைக்கும் வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. காயலான் கடைக்காரரும் அதைத் தொடமாட்டார், ஏனென்றால் உருக்கி விற்க வழியில்லை. பலூன் வளைவு கட்ட இரண்டு மணி நேரம், உடைக்கப் பத்து நிமிஷம். உடைப்பதுதான் பிள்ளைகளுக்கு விழாவின் உச்சம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பலூனுக்கு எதிராக எழுதுபவர்கள் இந்த மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எடைக் கணக்கும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. சராசரி லேடக்ஸ் பலூன் ஒன்று சுமார் மூன்று கிராம். நூறு பலூன் என்றால் 300 கிராம். பால், மாவு, பிஸ்கட், சிப்ஸ் என்று வீட்டுக்குள் வரும் உறைகளோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒருநாள் வரும் இந்த 300 கிராம் பெரிய குற்றமில்லை. ‘பூமியைக் காப்பாற்ற’ என்று சொல்லிப் பலூனை நிறுத்துபவர், வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்தனுப்பினால் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

ஆனால் குப்பையில் எடை ஒன்றே அளவல்ல. கடற்பறவைகளின் சடலங்களை ஆராய்ந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு இது: கெட்டி பிளாஸ்டிக்கை விழுங்கிய பறவையைவிடப் பலூன் துண்டை விழுங்கிய பறவை சாவதற்கான வாய்ப்பு 32 மடங்கு அதிகம். மென்மையான துண்டு குடலில் போய் அடைத்துக்கொள்கிறது. வானில் பலூன் விடும் வழக்கமுள்ள ஊர்களுக்கு இது நேராகப் பொருந்தும். மதுரையில் கூடத்துக்குள் உடையும் பலூனுக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசலில் சிதறி, பெருக்காமல் விட்டதால் சாக்கடையில் இறங்கும் துண்டுக்குப் பொருந்தும். பறவைவரைகூடப் போகவேண்டியதில்லை. உடைந்த துண்டையும் ஊதாத பலூனையும் வாயில் வைத்து மூச்சுத்திணறும் ஆபத்து சிறு குழந்தைகளுக்கு உண்டு. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலூன் உறையில் அந்த எச்சரிக்கையை அச்சிட்டே ஆகவேண்டும். ஒரு வயதுப் பிறந்தநாளில் தரையெங்கும் பலூன் உருள்வது எனக்கு அழகாகத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

‘மக்கும் பலூன்’ என்று விற்பதைத் தள்ளிவிடலாம். கன்னியாகுமரித் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் வடிகிற பால் மக்கும்தான். அது பலூனாவதற்குள் கந்தகமும் நிறமும் பதப்பொருளும் சேர்ந்துவிடுகின்றன. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் மார்கன் கில்மோர், ஜெனிஃபர் லாவர்ஸ் இருவரும் இத்தகைய பலூன்களை நன்னீரிலும் கடல்நீரிலும் உரக்குவியலிலும் 16 வாரம் போட்டு வைத்துப் பார்த்தார்கள். பலூன் பலூனாகவே கிடந்தது. உறைமேல் அச்சிட்ட பச்சை இலைப் படத்துக்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்து, பலரும் கைகாட்டும் துணித் தோரணம். பருத்தியை நான் நிரபராதி என்று விடுவிக்கமாட்டேன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் பைகளை ஒப்பிட்டபோது, ஒரே முறை பயன்படுத்தி வீசும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் பருவநிலைச் சுமையைவிடப் பருத்திப் பை குறைய வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்தவேண்டும் என்று கண்டது. பைக்குச் சொன்ன எண் தோரணத்துக்கு அப்படியே வராது. பாடம் வரும். புதுத்துணி வாங்கித் தைத்து, ஒரே வீட்டில் வருஷத்துக்கு ஒருநாள் கட்டினால் அந்தத் துணிக்கு விடிவுகாலமே கிடையாது. இரண்டு வழிகளில் இந்தக் கணக்கு திருந்தும். ஒன்று, துணி புதிதாக இல்லாமல் இருப்பது: கிழிந்த சேலையின் முந்தானை, பழைய சுங்குடி, திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கிலோ கணக்கில் கழியும் வெட்டுத்துண்டு. மற்றது, அது ஒரே வீட்டில் தங்காமல் இருப்பது. இதைப் பிறகு பார்க்கலாம்.

இலை. மாவிலையும் வாழைமரமும் குருத்தோலைத் தோரணமும் நம் கண்ணுக்குப் பழகிய மங்கலம். பிறந்தநாளுக்கு அவற்றைக் கட்டினால் ‘கல்யாண வீடு மாதிரி இருக்கே’ என்று ஒருவராவது சொல்வார்கள். சொல்லட்டும். கறாராகப் பார்த்தால் இலையும் ஒருமுறைப் பொருள்தான், மறுநாள் வாடிக் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் அதை விலக்கவேண்டும் என்று வாதிடுவது வீம்பு. மாடு தின்னவோ செடிக்கடியில் மக்கவோ போகிற பொருளைப் பாலியெஸ்டரோடு ஒரே தட்டில் வைக்கமுடியாது. இரண்டு குறைகள் மட்டும் உண்மையானவை. தோரணத்தை நைலான் கயிற்றில் கோத்து, கயிற்றோடு சேர்த்து கலப்புக் குப்பையில் போட்டால், சென்னைப் பெருங்குடி போன்ற குப்பைக் கிடங்கில் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். வாழைநாரில் கட்டிப் பிரித்துப் போடவேண்டும். இன்னொன்று, குருத்தோலை இலவசமல்ல. தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். குருத்தை வெட்டினால் மரம் ஒரு மாத உழைப்பை இழக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரே மரம் நிற்கும்போது, பத்துக் குருத்து கேட்டு நிற்கும் அலங்காரம் நியாயமில்லை. பனையோலை அப்படியல்ல. காய்ந்த பிறகும் உருக்குலையாது. ஓலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் மீனும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மணப்பாடு பக்கத்துப் பின்னல் வேலையைக் கண்டவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். மாற்றுகளில் நான் முழுமனதாக முதல் மதிப்பெண் கொடுப்பது பனையோலைக்கும் கோலத்துக்கும்தான். தரையில் பிள்ளைக்குப் பிடித்த யானையையோ ரயிலையோ கோலமாகப் போட்டுவிட்டால் சுவரில் பாதி வேலை குறைந்துவிடும். மறுநாள் துடைப்பம் போதும்.

காகிதத்தைப் பற்றி நீட்டவேண்டாம். சென்னை ஆண்டர்சன் தெருவில் வாங்கும் சாதாரண வண்ணத்தாளை விசிறியாக மடித்துத் தைத்தால் நல்லது, மடித்து வைக்கலாம். ஜிகினா ஒட்டியதும் பிளாஸ்டிக் படலம் பூசியதும் காகிதம் என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக்.

இதுவரை பொருளைப் பொருளாக எடைபோட்டேன். ஆனால் ஒரு பொருள் ஒரே நாளில் குப்பையாவதற்குப் பெரும்பாலும் காரணம் அது எதனால் ஆனது என்பதே அல்ல, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். குழந்தையின் பெயரும் வயதும் புகைப்படமும் அச்சிட்ட துணி பேனர், எத்தனை சுத்தமான பருத்தியாக இருந்தாலும், அன்று இரவே செத்த பொருள். நான்காவது பிறந்தநாள் பேனரை ஐந்தாவதுக்குக் கட்டமுடியாது, எதிர்வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கமுடியாது. அதே பெயர் போட்ட ஃபிளெக்ஸ்கூட ஒழுகும் கூரைமேலும் தள்ளுவண்டிமேலும் இன்னும் சில வருஷம் கிடக்கிறது. தீம் என்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. போன வருஷம் காட்டு விலங்கு, இந்த வருஷம் பனி இளவரசி, அடுத்த வருஷம் விண்வெளி. தீம் மாறும்போதெல்லாம் நல்ல நிலையிலுள்ள சாமான் செல்லாக்காசாகிறது. சணலும் மரமும் வைத்து ‘இயற்கை தீம்’ விற்பவர்களும் இதே வியாபாரத்தின் இன்னொரு கிளைதான். வீட்டில் மூன்று வருஷமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் எழுத்து மாலையை எடுத்து மறுபடி கட்டும் அம்மா, புதுச் சணல் கிட் வாங்குபவரைவிடச் சரியான காரியம் செய்கிறார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

பந்தல்காரர் இங்கேதான் நினைவுக்கு வருகிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் வெல்வெட் திரை, மேற்கட்டித் துணி, சீரியல் செட், நாற்காலி எல்லாம் வாடகைக்கு வந்து மறுநாள் காலை வண்டியேறும். பாத்திரக் கடைக்காரரின் அண்டாவும் அப்படியே. அந்தத் துணி பாலியெஸ்டர்தான், சீரியல் செட் பிளாஸ்டிக்தான். நூறு வாசல் ஏறி இறங்கிய பிளாஸ்டிக் அது. பிறந்தநாள் இந்த ஏற்பாட்டுக்குள் வராமல் போனதற்குக் காரணம் அதன் அளவு. கூடத்தில் இருபது பேருக்குப் பந்தல்காரரைக் கூப்பிட முடியாது. அந்த இடைவெளியில்தான் கிட் நுழைந்தது. இன்றைய அலங்காரக் கம்பெனிகள் பாதி தூரம் வந்திருக்கின்றன. வட்டச் சட்டம், திரைத்துணி, நியான் எழுத்து எல்லாம் வாடகை. அதன்மேல் புதுப் பலூன், பெயர் வெட்டிய சன்போர்டு. அந்த சன்போர்டு பிவிசி நுரைப்பலகை, திரும்பி வராது.

கையால் செய்யுங்கள் என்ற அறிவுரையில் மறைந்திருக்கும் கூலியையும் சேர்க்கவேண்டும். நாற்பது காகித விசிறி மடிப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றே: அம்மா, அதுவும் ராத்திரி சமையலறை ஒழிந்த பிறகு. பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வரும் கிட்டுக்கு எதிராக அவர் உழைப்பைக் களமிறக்கிவிட்டு அதைப் பசுமை என்று பாராட்டுவதை ஏற்கமுடியாது. பிள்ளைகளே முதல்நாள் மடித்தால் சரி, கோணலாக இருக்கும், இருக்கட்டும். ஒரு வயதுக் குழந்தை பேக்டிராப் முன்னால் தூங்கிவழிவதையோ வீறிட்டு அழுவதையோ பார்த்த எவருக்கும் அந்த நேர்த்தி யாருடைய ஸ்டேட்டஸுக்கு என்று தெரியும்.

இனி தீர்ப்பு. தூக்கியெறியாத அலங்காரம் தேறுகிறது, பொருளை மாற்றுவதால் மட்டும் தேறவில்லை. புதுப் பருத்தி, புதுச் சணல், மக்கும் பலூன் மூன்றையும் நிராகரிக்கிறேன். ஒரு அடுக்ககமோ தெருவோ சேர்ந்து வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டிக்கு என் ஓட்டு: பெயரும் வயதும் தீமும் இல்லாத பழந்துணித் தோரணம் நான்கு, இரண்டு சீரியல் செட், ஒரு திரை, பனையோலைத் தொங்கல்கள், சுவரில் டேப் ஒட்டாமல் கட்டக் கொக்கியும் கயிறும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கடைசிச் சாமான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வருஷாவருஷம் மாறவேண்டியது கோலத்திலும் பிள்ளைகள் வரையும் தாளிலும் மாறட்டும். மூன்று வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலூன், பெரியவர் கண்முன்னே, விளையாட்டுப் பொருளாக. வளைவுக்கு இடமில்லை.

இந்த ஏற்பாடு உடையும் இடமும் எனக்குத் தெரியும். ஐந்தாவது வீட்டிலிருந்து துணி சாக்லேட் கறையோடு வரும், சீரியல் செட்டில் ஒரு வரிசை எரியாது, பெட்டி யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று வாட்ஸப் குழுவில் தேடுவார்கள். அதனால் பெட்டியோடு ஒரு நோட்டும் சிறு முன்பணமும் வேண்டும். கடைசியாக எடுத்தவர் துவைத்து, காயவைத்து, எண்ணிக் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும். பந்தல்காரர் இதை எப்போதும் இப்படித்தான் செய்துவந்திருக்கிறார்.