காரணம் சொல்லாத புத்தகம்

செஸ் மென்பொருளில் ‘ஓபனிங் புக்’ என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை எஞ்சின் யோசிக்காமல் இதைப் பார்த்துத்தான் ஆடும். புத்தகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சரி, புத்தகமாகவே படித்துப் பார்ப்போமே.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் செஸ் வகுப்புக்குப் போகும் பசங்களுக்கு இது பெரும்பாலும் யாரோ ஒரு அண்ணன் கொடுத்த பென்டிரைவில்தான் வருகிறது. கோப்பு செஸ்பேஸின் சி.டி.ஜி. வடிவம். வீட்டு லேப்டாப்பில் இருப்பதோ இலவச மென்பொருள், பலதில் திறக்காது. கூடவே வரவேண்டிய சி.டி.பி., சி.டி.ஓ. என்ற இரண்டு துணைக் கோப்புகளைக் காப்பி பண்ண மறந்திருந்தால் இன்னும் சிக்கல். இந்த வடிவத்தின் உள்ளமைப்பை வெளியாட்கள் பைட் பைட்டாகத் துழாவித்தான் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் ட்ராய்ட்ஃபிஷ் மாதிரி இலவச ஆண்ட்ராய்டு செயலியில் அதை இன்று படிக்க முடிகிறது.

மறுபக்கம் பாலிகிளாட். ஃப்ரூட் எஞ்சினை எழுதிய ஃபேபியன் லெட்டூஸே உருவாக்கியது, எல்லாம் வெளிப்படை. ஒரு பதிவுக்கு 16 பைட்: பலகை நிலையின் அடையாள எண்ணுக்கு 8, நகர்த்தலுக்கு 2, எடைக்கு 2, எஞ்சின் கற்றதைக் குறிக்க 4. அடையாள எண்ணிலிருந்து பலகையைத் திரும்ப வரைய முடியாது. அந்த நிலையில் நீங்கள் போய் நின்றால்தான் அந்தப் பக்கம் திறக்கும். புரட்டிப் பார்க்க முடியாத புத்தகம்!

கோப்பு திறக்குமா, திறக்காதா என்பதோடு பேச்சு பொதுவாக நின்றுவிடுகிறது. பாமினியில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு இந்த அவஸ்தை பழக்கம்தான். ஆனால் அங்கே குறியீடு மாறினாலும் சொல் மிஞ்சியது. இங்கே தொலைவதே சொல்தான். சி.டி.ஜி.யில் ஒரு நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி, கேள்விக்குறி போடலாம். ஆடு, ஆடாதே என்று பச்சை, சிவப்பு நிறம் கொடுக்கலாம். வெற்றி, டிரா, தோல்விக் கணக்கும் இருக்கும். பாலிகிளாட்டுக்கு மாற்றினால் இவ்வளவும் சுருங்கி ஒரே ஒரு எடை.

அந்த எடை எங்கிருந்து வருகிறது? பழைய ஆட்டங்களிலிருந்து புத்தகம் கட்டும்போது பாலிகிளாட் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று கூட்டிக்கொண்டே போகிறது. நிறைய பேர் ஆடியது கனக்கும்; நேற்று ஒருவர் கண்டுபிடித்த அருமையான நகர்த்தல் ஓரமாகக் கிடக்கும். இது மதிப்பீடு இல்லை, ஓட்டு எண்ணிக்கை. விற்பனைப் பட்டியலை விமர்சனமாக ஏற்காத நாம் இதை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

எஞ்சினுக்குக் காரணம் தேவையில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தேவை. 2024-இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் எஞ்சின் பக்கமே விடவில்லை. விடையைப் பார்க்கும் முன்னால் யோசிக்கப் பழகட்டும் என்பதுதான் அதில் இருக்கும் பாடம்.

திறந்த வடிவம் கட்டாயம் வேண்டும். பூட்டிய கோப்பு பணம் உள்ளவர்களின் சொத்தாகவே இருந்துவிடும். ஆனால் திறந்திருப்பது மட்டும் போதாது. கற்கிற பிள்ளைக்கு நல்ல புத்தகம் 1990-களில் வந்த பி.ஜி.என்.தான் என்பேன். வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூட திறக்கும். யார் ஆடியது, எந்த வரிசையில் ஆடியது எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னாலும் அடைப்புக்குறி போட்டு ஏன் என்று எழுத இடம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம்.