வேடமும் விசுவாசமும்: பாமாவின் ‘கருக்கு’ காட்டும் துறவற வாழ்வு

மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் கடிந்துரைக்கும்போது வழங்கும் கிரேக்கச் சொல், அடிப்படையில் மேடை நடிகனைக் குறிப்பது. சீர்திருத்தச் சபையாரிடையே வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘மாயக்காரர்’ என்றது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘வெளிவேடக்காரர்’ என்றது. முன்னது வஞ்சகத்தையும் பின்னது ஒப்பனையையும் முதன்மைப்படுத்துகின்றன. மூலச் சொல்லுக்கு அணுக்கமானது பின்னதே. தமிழ் மரபும் இப்பொருளை வேடத்தோடு இணைத்தே எண்ணி வந்துள்ளது. வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தமை இங்கு நோக்கத்தக்கது. துறந்தாரிடம்தான் வேடம் என ஒன்று உண்டு. ஆகவே பொய்வேடமும் அவர்களுக்கே உரியது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) துறவற வாழ்வை உள்ளிருந்து கண்டு எழுதிய நூல். தமிழில் தலித் தன்வரலாற்று எழுத்தின் முன்னோடி எனப் போற்றப்பெறும் இந்நூல் பற்றிய திறனாய்வுகள், சாதிக் கொடுமை, பேச்சுமொழி நடை, தன்வரலாறு என்னும் வகைமை ஆகியவற்றையே பெரிதும் பேசியுள்ளன. நூலில் பரந்து கிடக்கும் சமயம் என்னும் இழை, துணைச் செய்தியாகவே கொள்ளப்பட்டுள்ளது. அதனைப் பேசியவர்களுள் சிலரும் இந்நூலைத் திருச்சபையை விட்டு வெளியேறிய ஒருவரின் சமய மறுப்பாகக் கண்டனர். இவ்வாசிப்பு பொருந்துவதாக இல்லை. ‘கருக்கு’ விசுவாசத்தை மறுக்கும் நூலன்று. விசுவாசத்தை அளவுகோலாகக் கொண்டு நிறுவனத்தை அளக்கும் நூல்.

தலைப்பே இதற்குச் சான்று. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையைத் தன் வாழ்வுக்கு உவமையாக்கும் முன்னுரை, எபிரேயர் திருமுகத்தில் இறைவார்த்தைக்கு உவமையாகும் இருபுறமும் கூரான வாளையும் உடன் நினைவூட்டுகிறது. பிறரை அடிமைப்படுத்தி இன்பம் காண்போரின் இறுகிய நெஞ்சத்தை அவ்வாள் இன்று அசைக்கவில்லை என்பது ஆசிரியரின் துயரம். வாள் மழுங்கியது என்று அவர் கூறவில்லை. குற்றம் வார்த்தையிலன்று, நெஞ்சிலே உள்ளது. சிறுவயதில் விறகு பொறுக்கும்போது உடலைக் கீறிய கருக்கும் மறைநூல் வாளும் ஒரே படிமத்தில் இணைவது, கிறித்தவத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரின் மொழியில் நிகழ இயலாது.

இளமைக் காலப் பகுதிகளில் பூசை, செபமாலை, ஞானோபதேசம், புதுநன்மை முதலிய கத்தோலிக்கத் தமிழ்ச் சொற்கள் சேரியின் பேச்சுமொழியோடு ஏற்றத்தாழ்வின்றிக் கலந்து கிடக்கின்றன. அங்குச் சமயம் அச்சத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. ஆயினும் அந்தச் சிறுமியின் பக்தியில் பொய் இல்லை. இதை ஆசிரியர் பின்னாளைய அறிவைக் கொண்டு எள்ளி ஒதுக்கவில்லை என்பது நூலின் நேர்மைக்கு அடையாளம்.

வேடம் எவ்வாறு முதலில் வெளிப்படுகிறது என்பதைத் தேங்காய் நிகழ்ச்சி காட்டுகிறது. பள்ளி வளாகத்தில் விளையாடுகையில் தென்னையில் ஏறித் தொட்ட காய் ஒன்று விழுந்துவிட, திருட்டுப் பழி சிறுமியின்மேல் சுமத்தப்படுகிறது. தலைமையாசிரியர் சாதியைச் சொல்லி இழித்துரைத்து வெளியேற்றுகிறார். பங்குக் குருவிடம் கடிதம் பெற்றுவந்தால் மீண்டும் சேர்க்கலாம் என்ற நிலையில் சிறுமி அவரை நாடுகிறாள். அழுதுகொண்டு நிற்கும் குழந்தையிடம் குருவானவர் முதலில் கூறுவது, சேரியைச் சேர்ந்தவள் என்பதால் செய்திருப்பாய் என்பதே. கடிதம் பின்னரே கிடைக்கிறது. இங்குக் குருவானவர் கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை, உதவவே செய்கிறார். ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பொறுப்புடைய ஒருவர், குற்றத்தை உள்ளத்தில் தேடாமல் பிறப்பிடத்தில் கண்டுகொள்கிறார்.

கல்லூரி விடுதியிலும் இதுவே தொடர்கிறது. உடன்பிறந்தோரின் புதுநன்மை விழாவுக்குச் செல்ல விடுப்பு மறுக்கப்படுகிறது. உங்கள் சாதியில் அப்படியென்ன பெரிய விழா என்னும் பொருள்பட விடை வருகிறது. நற்கருணை எல்லோருக்கும் ஒன்றே எனப் போதிப்போர், அதனை முதன்முதல் பெறும் மகிழ்ச்சிக்குச் சாதிவாரியாக அளவு வகுக்கின்றனர். இளம்பெண் அடங்கிப்போகாமல் வாதிட்டு ஊர் செல்கிறாள். அவளை எதிர்க்கச் செய்வது பகுத்தறிவு வாதமோ அரசியல் இயக்கமோ அன்று. அந்த விழா புனிதமானது என்னும் நம்பிக்கையே.

1985இல் பாமா துறவற சபையில் சேர்வதும் இந்நம்பிக்கையின் தொடர்ச்சியே. ஏழைக் குழந்தைகளுக்கு உழைக்கலாம் என்று சென்றவர், செல்வர் பிள்ளைகள் பயிலும் பள்ளியையும் வசதிகள் நிறைந்த மடத்தையும் காண்கிறார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளும் விடுதலைக்கு உரியனவாக இருக்க வேண்டியவை. அவையே ஆட்படுத்தும் கருவிகளாகின்றன என்பது அவர் கணிப்பு. சாந்தமும் தாழ்மையும் உடைய இயேசு ஓயாது போதிக்கப்படுகிறார். அநீதியை எதிர்த்து ஏழையர் பக்கம் நின்ற இயேசு பேசப்படுவதில்லை.

வள்ளுவரிடமிருந்து பாமா வேறுபடும் இடம் இது. கூடாவொழுக்கத்தில் பேசப்படும் துறவி, தான் பொய்யன் என்பதை அறிந்தவன். மறைவான ஆசையை வேடத்தால் மூடுகிறான். ‘கருக்கு’ நூலின் கன்னியர் எதையும் மறைப்பதில்லை. குறித்த நேரத்தில் செபிக்கின்றனர், விதிகளைக் காக்கின்றனர். ஏழ்மை என்று உரைத்துக்கொண்டே வசதியாக உண்பதில் அவர்களுக்கு முரண் தெரிவதில்லை. அணிந்தவருக்கே வேடம் எனத் தெரியாத வேடம் இது. தனிமனிதக் கயமையாகக் கருதப்பட்டு வந்த போலித்தனத்தை நிறுவனத்தின் இயல்பாக இனங்காட்டியதே பாமாவின் பங்களிப்பு. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயத்தில் 1910இல் இடிக்கப்படும்வரை நின்ற சாதிச் சுவர் கண்ணுக்குப் புலப்பட்டது, வழக்காடவும் முடிந்தது. தலித் பெண்களைச் சில சபைகள் ஏற்பதில்லை என்று பயிற்சிக் காலத்தில் செவிவழியாக அறிந்து அஞ்சி வாய்மூடிய ஒருத்தி எந்தச் சுவரை இடிப்பாள்?

மடத்து வாழ்வைப் பேசும் பகுதிகள் கலையளவில் இளமைக்காலப் பகுதிகளுக்கு ஈடாகா என்பதையும் கூறவேண்டும். ஊர் மனிதர் பேச்சும் செயலுமாக எழுந்து நிற்கையில், கன்னியர் முகமற்ற கூட்டமாகவே உள்ளனர். காட்சி குறைந்து குற்றச்சாட்டு மிகுகிறது. கூறியது கூறலும் உண்டு. அவர்களுள் ஒருவரேனும் ஐயமுற்றிருக்கலாமே என்னும் வினாவுக்கு நூல் இடந்தரவில்லை. வெளியேறிய சில மாதங்களுக்குள் எழுதப்பெற்றதன் வெம்மை இது என அமைதி கூறலாம். எனினும் அவ்வெம்மையே பிறிதொரு வகையில் நூலைக் காக்கிறது: ஆசிரியர் தம்மையும் விட்டுவைப்பதில்லை. மடத்தில் வாழ்ந்த ஏழாண்டுகளில் தாமும் அவ்வசதிகளுக்குப் பழகிப்போனதையும், வெளியுலகில் வாழும் திறனை இழந்து நிற்பதையும் அவர் ஒளிக்கவில்லை. வேடத்தைச் சாடும் எழுத்துகள் பலவற்றில் சாடுபவர் மட்டும் தூயவராகத் தோன்றுவர். அப்பிழை இங்கு நேரவில்லை.

1992இல் மடத்தைவிட்டு வெளியேறியவரிடம் வேலையில்லை, கையில் பொருளில்லை, ஊரிலும் பொருந்திவாழ இயலவில்லை. அந்நிலையில் அவர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல், போலிப் புன்னகையோடு வாழ்வதினும் மெய்யான கண்ணீரோடு வாழ்வது மேல் என்பது. நூல் நெடுகிலும் மறைநூலைத் துணைக்கழைத்தவர், இவ்விடத்தில் ஒரு வசனத்தையும் எடுத்துக்காட்டவில்லை.