திருப்பிப் பார்த்து வாங்கு: மூன்று உயர்தர எலெக்ட்ரிக் கிட்டார்கள், ஓர் ஆம்பூர்ச் சோதனை

ஆம்பூரில் இருந்துகொண்டு விலை கூடிய கிட்டார் வாங்குவது சிரமம். ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. இடைப்பட்ட ஊர்களில், மூன்று லட்ச ரூபாய்க் கிட்டாரைச் சுவரில் மாட்டிவைத்து “எடுத்து வாசிச்சுப் பாருங்க” என்று சொல்லும் கடையை நான் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படம் பார்த்து வாங்குகிறார்கள்.

நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முகப்பில் புலிவரி போல அலையடிக்கும் மேப்பிள் மரம், பார்த்ததும் விழுந்துவிட்டேன். முதல் கத்திரி வெயிலிலேயே கழுத்து மரம் சுருங்கி, மெட்டுகளின் (ஃப்ரெட்) முனைகள் இரண்டு ஓரமும் ரம்பப் பல்லாக வெளியே வந்துவிட்டன. அந்தப் புலிவரியும் மெல்லிசாகச் சீவி ஒட்டிய மேலேடு என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு பாய் இருக்கிறார். டேனரியில் முப்பது வருஷம் செலக்‌ஷன் பார்த்தவர், அதாவது தோலைத் தரம் பிரித்தவர். அவரிடம் கொண்டுபோய்ப் புலம்பினேன். “இன்னா தம்பி, மூஞ்சியவே பாத்துகினு இருந்தியா? திருப்பிப் பாத்தியா?” என்றார்.

தோல் தொழிலில் அதுதான் பாலபாடம். முள் கிழித்த தழும்பும் உண்ணிக்கடியும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, நிறம் ஏற்றி, தகட்டால் அழுத்திப் புது ரேகை பதித்துவிடலாம். ‘கரெக்டட் கிரெய்ன்’ என்பார்கள். கண்ணுக்குக் குறையே தெரியாது. அதனால்தான் செலக்‌ஷன் மேஜையில் சதைப்பக்கத்தைத் திருப்பி, ஓரத்தை மடித்து, விரலால் கனம் பார்க்கிறார்கள். அடுத்த கிட்டாரை அந்த முறையில்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

போட்டிக்கு வந்தவை

இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் கிட்டாரை இந்தக் கட்டுரையில் உயர்தரம் என்கிறேன். நண்பர்களிடம் மூன்றை இரவல் வாங்கி, ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரம் ஏ.சி. இல்லாத அறையில் வைத்திருந்தேன்.

முதலாவது ஐபனெஸ் ஏ.இஸட். பிரெஸ்டீஜ், 24 மெட்டு உள்ள வகை. 2018இல் வந்த ஜப்பான் தயாரிப்பு. வறுத்த மேப்பிள் கழுத்தைப் போல்ட் போட்டு உடலோடு இணைத்திருக்கிறார்கள். மெட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

இரண்டாவது பி.ஆர்.எஸ். கஸ்டம் 24. அமெரிக்காவின் மேரிலாந்தில் பால் ரீட் ஸ்மித் 1985இல் தொடங்கிய கம்பெனியின் முத்திரை மாடல். மஹோகனி உடல், அதன்மேல் செதுக்கி எடுத்த கனமான மேப்பிள் முகப்பு. இது மெல்லிசாகச் சீவிய மேலேடு அல்ல. கழுத்தைப் பசையால் பொருத்தியிருக்கிறார்கள். விரற்பலகை ஈட்டி மரம்.

மூன்றாவது ஸ்வீடன்காரர் ஓலா ஸ்ட்ரான்பெர்க் வடிவமைத்த போடன். தலையே கிடையாது, சுருதி சேர்க்கும் திருகுகள் அடிப்பக்கம், பாலத்தோடு இருக்கும். தலையில்லாக் கிட்டார் புதுசு அல்ல. 1980களின் தொடக்கத்திலேயே நெட் ஸ்டைன்பெர்கர் அதைப் பிரபலப்படுத்திவிட்டார். போடனில் மெட்டுகள் விசிறி மடிப்பு போலச் சாய்ந்திருக்கும். என் கைக்கு வந்தது அசையாப் பாலம் உள்ள வகை.

முதலில் கழுத்து

கிட்டாரைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பிடியுங்கள். இடது கை நாள்முழுக்கத் தொடுவது அந்தப் பின்பக்கத்தைத்தான். விளம்பரப் படத்தில் அது வரவே வராது.

ஐபனெஸின் கழுத்தில் பளபளப்புப் பூச்சு இல்லை. நன்றாக இழைத்த ஜன்னல் சட்டம் போலக் கை வழுக்கிக்கொண்டு போகிறது. பிராண வாயு குறைந்த சூளையில் மேப்பிளை வறுத்தெடுத்தால், காற்றிலுள்ள ஈரத்தை அது குடிப்பதும் கக்குவதும் குறைந்துவிடும். இந்த ஊருக்கு அதுதான் வேண்டும். மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் வறட்சி, ஐப்பசியில் அடைமழை. சாதா மரம் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

பி.ஆர்.எஸ். கழுத்து சதைப்பிடிப்பானது, கட்டைவிரலை மேலே தூக்கி வைத்து வாசிக்கிறவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். போடன் கழுத்து மூன்றிலும் விசித்திரம். உருண்டையாக இல்லாமல் பட்டை தீட்டியது போல இருக்கும். மேலே போகப்போக அந்தப் பட்டைகளின் சாய்வும் மாறும். முதல் இரண்டு நாள் கை திணறியது. மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் வாசித்த பிறகும் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விசிட்டிங் கார்டு போதும். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாம் மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியில் கார்டை நுழைத்துப் பாருங்கள். மட்டாக நுழைந்தால் சரி. தாராளமாகப் போய்வந்தால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்பக்கம் வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அது திரும்பாமல் இறுகியிருந்தால் எவ்வளவு அழகான கிட்டாராக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மெட்டும் கமகமும்

வீணைக்காரர்கள் மெட்டு என்பதைத்தான் கிட்டார்காரர்கள் ஃப்ரெட் என்கிறார்கள். சரஸ்வதி வீணையில் 24 மெட்டு. நான் சோதித்த மூன்று கிட்டாரிலும் 24. அதற்குமேல் ஒற்றுமை இல்லை. வீணையில் மெழுகின்மேல் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால், ஒரே இடத்தில் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களைத் தொடலாம். கிட்டாரில் அந்த உயரம் கிடையாது.

ஆனாலும் கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் நிறுத்திக் காட்டியவர் இந்தத் தோல் வட்டாரத்துக்காரர்தான். ராணிப்பேட்டையிலிருந்து வந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பத்தைத் தந்தார். ஆகவே இங்கே கிட்டார் சோதிக்கிறவன் ராக் வாசித்து மட்டும் முடித்துவிடக் கூடாது. தோடி காந்தாரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டினேன். தந்தியில் விரலை வழுக்கிக்கொண்டு போகும் ஜாருவுக்கு ஸ்டெயின்லெஸ் மெட்டு வெண்ணெய். ஐபனெஸிலும் போடனிலும் தந்தி உராயும் சத்தமே இல்லை. பி.ஆர்.எஸ்.ஸில் இருப்பது பழைய முறை நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். மென்மையான உலோகம், தினம் இரண்டு மணி நேரம் கமகம் பயில்கிறவருக்குச் சில வருஷங்களில் பள்ளம் விழும்.

விரற்பலகையின் வளைவும் முக்கியம். பி.ஆர்.எஸ். பலகை 10 அங்குல ஆரம் உள்ள வட்டத்தின் துண்டு. பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு பிடிக்கச் சுகம். போடன் 20 அங்குல ஆரம், கிட்டத்தட்டத் தட்டை. தந்தியைத் தாழ்வாக வைத்து ஒன்றரை ஸ்வரம் இழுக்கும்போது, வளைந்த பலகையில் தந்தி அடுத்த மெட்டில் இடித்து ஓசை செத்துவிடும். தட்டைப் பலகையில் அந்தத் தொல்லை இல்லை. ஐபனெஸ் 12 அங்குலத்தில் நடுவே நிற்கிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது பாலம். ஐபனெஸிலும் பி.ஆர்.எஸ்.ஸிலும் ஸ்பிரிங் மேல் மிதக்கும் ட்ரெமொலோ பாலம். ஒரு தந்தியை இழுத்தால் பாலம் லேசாக முன்னே சாயும். மற்ற தந்திகளின் சுருதி இறங்கும். ராக் வாசிப்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடித்தந்தியில் ஷட்ஜத்தை ஒலிக்கவிட்டு மேலே காந்தாரம் ஆட்டுகிறவருக்கு அது தம்புரா கலைந்தது போல. போடனின் அசையாப் பாலத்தில் ஷட்ஜம் நின்ற இடத்தில் நிற்கிறது. மற்ற இரண்டிலும் பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை இறுக்கி, இடைவெளியில் அளவாகச் செதுக்கிய மரத்துண்டு வைத்தால் பாலம் அசையாது. எந்தத் தச்சரும் பத்து நிமிஷத்தில் செதுக்கித் தருவார்.

உறுமல்

என் அறைக்குப் பின்சுவர் ஒரு சிறிய ஷூ யூனிட். பகலில் தையல் மோட்டார்கள் ஓடும். வீடும் பழசு, எர்த் சரியில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இல்லை.

கிட்டாரின் பிக்கப், காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வோடு, சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ ஓசையையும் அது பிடித்துக்கொள்ளும். 1955இல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தந்தியின் ஒலி கூடும். ஹம்பக்கர் என்ற பெயர் அப்படி வந்தது.

மூன்றிலும் ஹம்பக்கர்தான், முழுச்சுருளில் மூன்றும் அமைதி. சிங்கிள் காயிலின் மெல்லிய ஓசை வேண்டி ஒரு சுருளை அணைத்தால் பின்சுவர் மோட்டார் பாட ஆரம்பித்துவிடுகிறது. இது கிட்டாரின் குற்றம் அல்ல, இயற்பியல். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் எந்தப் பிக்கப் என்று குழம்புவதற்கு முன்னால் வீட்டு எர்த்தைச் சரிசெய்யட்டும். கிட்டாரின் விலையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

ஓசை என்று கேட்டால், பெரிய ஆம்ப்ளிஃபயரில் மனம் உருகியது பி.ஆர்.எஸ்.ஸிடம். நீட்டிய ஒரு ஸ்வரம் அகல் விளக்குச் சுடர் போலத் தடித்து நின்று மெல்ல அடங்குகிறது. ஐபனெஸ் தெளிவு, ஒரு கார்டில் உள்ள ஆறு தந்தியையும் எண்ணிவிடலாம். போடன் இரண்டுக்கும் நடுவில். கொஞ்சம் படித்த பிள்ளை போல அடக்கம்.

யாருக்கு எது?

ஞாயிறு ஆராதனையில் நின்றபடி வாசிக்கிறவர், கல்லூரி விழாக்களுக்கு பஸ்ஸில் போகிறவர், முதுகுவலிக்காரர், கமகம் பயில்கிறவர்: போடன். எடை சுமார் இரண்டு கிலோதான். பை பஸ் பரணில் அடங்கும். ஆனால் தந்தி அறுந்தால் மாற்றும் முறை வேறு. அதைக் கச்சேரிக்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

ஏ.சி. அறை உள்ளவர், ஒலிப்பதிவுக்காரர், ஒரே கிட்டாரைப் பேரன்வரை கொண்டுபோக நினைப்பவர்: பி.ஆர்.எஸ். கோடையில் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2017இல் ஈட்டி வகை மரங்களுக்கு வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்துவிட்டது.

மீதிப் பேருக்கு, எனக்கும் சேர்த்து: ஐபனெஸ் ஏ.இஸட். மூன்று வாரக் கத்திரியில் டிரஸ் ராடைத் தொடவே இல்லை. மெட்டு முனைகளில் பழைய துப்பட்டாவை இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. மூன்றில் முகம் சுமார்தான். கொடுத்த காசு கழுத்திலும் மெட்டிலும் இருக்கிறது. அதுதான் எனக்கு வேண்டும்.

வாங்கியதும் பாயிடம் எடுத்துப்போனேன். சொல்லாமலே திருப்பினார். கட்டைவிரலால் கழுத்தின் ஓரத்தை நீவினார். இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு தோளில் போடும் வாரைப் பிடித்து முகம் சுளித்தார்.

“ரெக்சினா? ஆம்பூர்ல உக்காந்துகினு?”

அவர் சொன்னது கௌரவத்துக்காக மட்டுமல்ல. மூன்றரைக் கிலோ எடை மெல்லிய வழுக்கு வாரில் தொங்கினால் தோளை அறுக்கும். சில விலை உயர்ந்த கிட்டார்களின் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சில் ரெக்சின் மாதக்கணக்கில் உரசிக்கிடந்தால் பூச்சே இளகிக் கறை படியும். அடுத்த வாரம் அவரே ஒரு வார் வெட்டி வந்தார். மூன்று அங்குல அகலம். குரோம் ஏற்றாமல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட எருமைத் தோல். வழுக்காமல் இருக்க உள்பக்கம் சொரசொரப்பாகவே விட்டிருந்தார்.

மேற்பக்கம் தோளுக்கு நேராக விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, முள்வேலி கிழித்தது. “இதைத் தேய்க்கலியா பாய்?” என்றேன்.

“எதுக்கு? ஒரிஜினல்னு அதுதான் சொல்லுது.”