நாற்பது பட்டன், ஒரே ஆட்டம்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ‘ஸ்டீல் பட்டாலியன்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. அதனுடன் சேர்த்தே விற்ற கன்ட்ரோலரில் ஏறக்குறைய 40 பட்டன்கள், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கியர், காலுக்கு மூன்று பெடல். அமெரிக்காவில் விலை 200 டாலர். அன்றைய கணக்கில் 9,500 ரூபாய்க்குக் குறையாது. அப்போது எக்ஸ்பாக்ஸ் பெட்டியே அங்கே அந்த விலைக்குத்தான் விற்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே சுமைகூலி எது, சுண்டைக்காய் எது என்பதில்தான் வழக்கு. என் கட்சி, கொடுத்த காசு தகும் என்பது. அந்த ஆட்டத்தில் பாதி திரையில் இருக்கிறது, மீதிப் பாதி மேசைமேல்.

ஆட்டத்தில் நீங்கள் ஓட்டுவது இரண்டு கால்களில் நடக்கும் ராட்சதப் போர் இயந்திரம். ஏறி உட்கார்ந்ததும் அது கிளம்பிவிடாது. மேல்மூடியை அடைக்க ஒரு பட்டன், பிறகு வரிசையாக ஐந்து டாகிள் சுவிட்ச், அதன்பின் ஸ்டார்ட். வேகத்தில் சட்டென்று திருப்பினால் கவிழ்ந்துவிடும். கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் கழுவ ஒரு பட்டன், தீப்பிடித்தால் அணைக்க இன்னொன்று. காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி வழியாகத் தரங்கம்பாடிக்குப் போகும் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரின் கையையும் காலையும் கவனித்தவர்களுக்கு இந்த ருசி பிடிபடும். எல்லாவற்றுக்கும் மகுடம், தனி மூடிக்குள் இருக்கும் எஜெக்ட் பட்டன். இயந்திரம் வெடிக்கும் தறுவாயில் மூடியைத் திறந்து அதை அழுத்தித் தப்பாவிட்டால் வீரன் சாவான். சேமித்து வைத்த ஆட்டமும் அவனோடு அழிந்துபோகும். ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு இத்தனை பயத்தை ஏற்றியதைக் கைவினை என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

சாதாரணக் கன்ட்ரோலரிலேயே இதைச் செய்திருக்கலாமே என்பார்கள். 2012-இல் செய்து பார்த்தார்கள். ‘ஹெவி ஆர்மர்’ என்ற தொடர்ச்சி சாதாரணக் கன்ட்ரோலரோடும், உடலசைவைப் படிக்கும் கினெக்ட்டோடும் வந்தது. அசைவைக் கினெக்ட் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கை தொட்டு உணரும் சுவிட்சுக்கு ஈடு காற்றில் இல்லை. ஒரே ஆட்டத்துக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சரியாகச் சொன்னால் இரண்டு ஆட்டங்கள். 2004-இல் வந்த ‘லைன் ஆஃப் கான்டாக்ட்’ இணையத்தில் ஆடுவதற்கென்றே செய்தது. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரலில் நிறுத்தியதோடு அதிகாரபூர்வமாக அதன் கதை முடிந்தது. ஆக, மிஞ்சுவது ஒன்றுதான். பல ஆட்டங்களுக்குப் பொதுவாகச் செய்திருந்தால் அந்த எஜெக்ட் பட்டனுக்கு இடமே இருந்திருக்காது என்பதால், இந்தக் குறையை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குபவர்களுக்கு இது தண்டச்செலவு. ஆடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு யோசனை: காரைக்கால் பகுதியில் பிரான்ஸில் உறவுள்ள வீடுகள் பல. அங்கிருந்து பழைய செட் வரவழைத்தால் பெட்டி நம் 230 வோல்ட்டிலேயே ஓடும். அமெரிக்கப் பெட்டி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆட்டத் தட்டும் பெட்டியும் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்தவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரை வைக்க அகலமான மேசை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.